சின்னதுரை காடியின் காற்றுப் பெட்டி

அந்தக் காற்றுப் பெட்டியைச் செய்தது நான். வேறு எதையும் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தோட்டத்தில் இன்று யாரைக் கேட்டாலும் என் அண்ணன் செய்தது என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டது அதுதான்.

எழுபதுகளின் கடைசியில், ஈப்போவில் இரண்டு வருடம் தகட்டு வேலையும் வெல்டிங்கும் படித்து முடித்துவிட்டு, ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். சான்றிதழை அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். சான்றிதழ் அங்கே இருந்தது. நான் தொழிற்சாலையில் தண்டு பொறுக்கிக்கொண்டிருந்தேன். காய்ந்த தூளிலிருந்து சிவந்த தண்டுகளைக் கையால் பிரித்தெடுக்கும் வேலை அது. நீளமான மேசையின் இருபுறமும் பெண்கள் உட்கார்ந்திருப்போம். தினக்கூலி; வராத நாளில் பெயரும் விழாது, கூலியும் இல்லை.

அதே கட்டடத்தின் பின்பக்கம் பட்டறை. அப்பா அங்கே தலைமை ஃபிட்டர். இலை அரைக்கும் உருளைகள், காய வைக்கும் அடுப்பு, காற்றாடிகள் என்று எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்குக் கீழே இருந்த இரண்டாவது ஃபிட்டர் ஜொகூருக்குப் போய்விட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. நிரந்தரப் பதிவில் உள்ள வேலை. நான் மனுக் கொடுத்திருந்தேன். தோட்ட அலுவலகத்துப் பெரிய கிராணி அதை வாங்கி, படித்து, மடித்து, மேசை இழுப்பறையில் போட்டார். "பார்ப்போம்லா" என்றார். தண்டு மேசையிலிருந்து பட்டறைக் கதவு வரை முப்பது அடி இருக்கும். அந்த முப்பது அடிதான் எனக்கு அப்போது வேண்டியிருந்தது, வேறொன்றுமில்லை.

தொழிற்சாலைக்குப் பொறுப்பு சின்னதுரை. பினாங்கிலிருந்து வந்த சீன இளைஞர். தோட்டத் தமிழை ஒரே வருடத்தில் பிடித்துக்கொண்டவர். அவரிடம் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, தாழ்வான, பச்சை நிற இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. எங்கள் பேச்சில் அது 'சின்னதுரை காடி'. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மேலே ஏறும்போது, ரிங்லெட்டுக்குக் கீழே உள்ள வளைவுகளில் அது இருமிக்கொண்டு நிற்கும். காய்கறி லோரிகள் கூட அதைத் தாண்டிப் போகும். லைன் வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு வந்து, துரை காடிக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கலாமா என்று சிரிப்பார்கள்.

காரணம் எளியது. எஞ்சினின் இரண்டு கார்பரேட்டர் வாய்களும் சூடான புகைக்குழாய்க்கு மேலேயே திறந்திருந்தன. குளிர்ந்த மலைக்காற்று வெளியே வீசிக்கொண்டிருக்க, எஞ்சின் தன் சூட்டையே தான் குடித்துக்கொண்டிருந்தது. இரண்டு வாய்களையும் மூடி, காரின் முன்பக்கத்திலிருந்து குழாய் வழியாகக் குளிர்காற்றைக் கொண்டுவரும் அலுமினியப் பெட்டி ஒன்று வேண்டும். கடையில் கிடைக்காது, அந்த இடுக்குக்கு ஏற்றபடி கையால்தான் செய்ய வேண்டும். சின்னதுரை நண்பர்களோடு மலைப்பாதைக் கார் பந்தயம் ஒன்றுக்குப் போக இருந்தார். அதற்குள் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார்.

அப்பா அன்று வீட்டுக்கு வந்ததும் கைகூடக் கழுவாமல் என்னிடம்தான் வந்தார். அவருக்கு இரும்பும் பித்தளையும் தெரியும். மெல்லிய அலுமினியத்தை கேஸ் தீயில் ஒட்டியது கிடையாது. அதை மறைக்கவும் இல்லை.

"இது உன் வேலை பாப்பா," என்றார். "நல்லா வந்தா, செஞ்சவங்களுக்குப் பட்டறையில இடம் தரேன்னு துரை சொல்லிட்டாரு."

அதை அவர் சொன்ன விதம் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. முகத்தில் சந்தோஷம் இருந்தது. அது எனக்கான சந்தோஷம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலை ஓடாது; சின்னதுரையும் ஈப்போவுக்குப் போய்விடுவார். நான்கு ஞாயிறுகள் எடுத்துக்கொண்டேன். எதையும் எழுதி வைத்துக்கொண்டு செய்வது என் பழக்கம். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தேன்: இடுக்கை அளக்க. அட்டையில் வெட்டிப் பார்க்க. காற்றைப் பார்க்க. பிறகுதான் தகட்டைத் தொட.

அளவெடுக்கும் ஞாயிறு மட்டும் துரை காரை விட்டுவிட்டுப் போயிருந்தார்; அப்பா சாவி வாங்கி காரின் மூடியைத் திறந்து கொடுத்தார். பழைய தேயிலைப் பெட்டிகளின் அட்டையை வெட்டி, மடித்து, உள்ளே இறக்கிப் பார்த்தேன். பிரேக் குழாய் இடித்தது, வெட்டினேன். மூடியின் உட்புறம் இடித்தது, வெட்டினேன். கடைசியில் ஏழு துண்டு அட்டைகள் நின்றன. ஒவ்வொன்றிலும் எண், மடிப்புக் கோடு, எந்தப் பக்கம் மேலே என்ற அம்பு.

காற்றைப் பார்க்க என்று எழுதியிருந்தேனே, அது எங்கள் தொழிற்சாலைப் பழக்கம். பச்சை இலையை வாட்டும் நீளத் தொட்டிகளில் காற்று எங்கே போகவில்லை என்று பார்க்க, ஒரு பிடி தேயிலைப் பஞ்சை வீசுவார்கள். தூளைச் சலிக்கும்போது பறந்து சுவரெல்லாம் ஒட்டும் பழுப்பு நிறப் பஞ்சு அது. காற்று உள்ள இடத்தில் அது ஓடும். இல்லாத இடத்தில் படிந்து உட்காரும். நான் அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்துக்கு, உடைந்த படச் சட்டத்தின் கண்ணாடியைப் பொருத்தினேன். கார்பரேட்டர் வாய்கள் இருக்க வேண்டிய இடத்தில் சின்ன உறிஞ்சு காற்றாடியை வைத்து, குழாய் முனையில் பஞ்சைத் தூவினேன். அது பெட்டிக்குள் புகுந்து, தூரத்து மூலையில் சுழன்று, அங்கேயே படிந்தது. இரண்டாவது வாய்க்குக் காற்றே போகவில்லை. அந்த மூலையைச் சாய்த்து வெட்டினேன். இன்னும் கொஞ்சம் படிந்தது. மறுபடி சாய்த்தேன். நான்காவது தடவை பஞ்சு எங்கும் நிற்காமல் ஓடிப்போனது. அண்ணன் பக்கத்தில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "வேலை இல்லாத ஒண்ணுகூட உள்ள நிக்க முடியல பாரு, என்னை மாதிரி," என்றான்.

அண்ணன் அப்போது வேலை இல்லாமல் இருந்தான். திரிங்காப் ஊரிலிருந்து காய்கறி ஏற்றிப் போகும் லோரி ஓட்டியவன். முதலாளி லோரியை விற்றுவிட்டார். லெம்பா பெர்த்தாம் என்ற ஊரில் அவனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டில் ஒரே கேள்வி: தோட்டப் பதிவில் பேர் இருக்கிறதா? ஞாயிறுகளில் எனக்குத் தேநீரும் ரொட்டியும் கொண்டு வந்து, தகட்டைப் பிடித்துக்கொள்வான். "ஃபிட்டரம்மா, கையெழுத்துப் போட்டு வாங்கிக்க" என்று டம்ளரை நீட்டுவான். அவன் மீது எனக்கு இருந்த பிரியத்துக்குக் குறைவே இல்லை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மூன்றாவது ஞாயிறு தகட்டை வளைத்தேன். அலுமினியம் சூட்டைக் காட்டாது. இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் பார்ப்பதற்கு அப்படியே இருந்து, சட்டென்று கீழே வழிந்துவிடும். அதனால் துணி துவைக்கும் பட்டைச் சோப்பைத் தகட்டில் தேய்த்து, தீயை மெல்ல ஓட்டுவேன். சோப்பு கறுத்தால் போதும், தகடு இளகிவிட்டது என்று அர்த்தம். ஆறவிட்டு மரக்கட்டையில் வைத்துத் தட்டினால் துணி மாதிரி மடியும். நான்காவது ஞாயிறு ஒட்டினேன். ஒட்டுவதற்குப் பூசும் வெள்ளைப் பொடி உள்ளே தங்கினால் உலோகத்தை அரித்துவிடும். வெந்நீர் ஊற்றி, போத்தல் கழுவும் பிரஷால் உள்ளும் புறமும் மூன்று முறை தேய்த்தேன். கடைசியில், எஞ்சின் பக்கம் இரண்டு வாய்களோடு இறுக்கியது போக, பெட்டி ஆடாமல் இருக்க ஒரு தாங்கு பட்டையை வைத்து காரின் உடம்போடும் இறுக்குவதற்கு வழி செய்தேன். எங்கள் தொழிற்சாலையில் காற்றுக் குழாய்கள் எல்லாம் அப்படித்தான் சுவரோடு பிணைத்திருக்கும்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் மாட்ட வேண்டும். அப்பா சொன்னார், அண்ணன் தூக்கிக்கொண்டு வரட்டும், நீ தண்டு வேலைக்குப் போ, வராவிட்டால் அன்றைக்குப் பேர் போய்விடும். சரி என்றேன். எந்த போல்ட்டை முதலில் இறுக்க வேண்டும், எதைக் கடைசியில், கார்பரேட்டர் திருகை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அண்ணனின் சட்டைப் பையில் நானே வைத்தேன். துரை எதையாவது கேட்டால் அவன் முழிக்கக் கூடாது என்று.

பத்து மணிக்கு மேல் தண்டு மேசையில் இருந்தபடி அந்தக் கார் போகும் சத்தத்தைக் கேட்டேன். இருமல் இல்லை. அடிவயிற்றிலிருந்து வரும் ஆழமான, ஒரே சீரான சத்தம். மேட்டைத் தாண்டிப் போன பிறகும் கேட்டது. எதிரே இருந்த அக்கா, "என்னடி இது, புலி மாதிரி உறுமுது," என்றார்.  நல்ல செய்தி முறையாக வரட்டும் என்று காத்திருந்தேன்.

அது பத்து நாள் கழித்துப் பெரட்டில் வந்தது. பெரட்டு என்றால் காலையில் எல்லோரையும் நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுப்பது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. கிராணி டார்ச் வெளிச்சத்தில் தாளைப் படித்தார். தண்டு வேலை என்று படித்து என் பேரைக் கூப்பிட்டார். நான் குரல் கொடுத்தேன். பிறகு, பட்டறை, இரண்டாவது ஃபிட்டர், புதுசு என்று படித்து அண்ணன் பேரைக் கூப்பிட்டார். எனக்குப் பின்னால் ஆண்கள் வரிசையிலிருந்து அவன் குரல் வந்தது. அவன் அங்கே நின்றிருந்ததே எனக்குத் தெரியாது.

அன்று முழுவதும் தண்டு பொறுக்கினேன். ஒரு தண்டுகூடத் தவறவிடவில்லை. மாலையில் அப்பா குளித்துவிட்டு அடுப்படியில் வந்து உட்காரும் வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"துரைகிட்ட யார் செஞ்சதுன்னு சொன்னீங்க?"

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார். தனக்கு இன்னும் இரண்டு வருடம்தான் சர்வீஸ். லைன் வீடு தோட்டத்துடையது. நிரந்தரப் பதிவில் வீட்டிலிருந்து ஒருவர் இருந்தால்தான் குடும்பம் இருக்கலாம். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, கொழுந்தெடுக்க முடியாது. இவ்வளவும் எனக்குத் தெரிந்ததுதான்.

"நான் பதிவுல இருந்தா வீடு நிக்காதாப்பா?"

"நீ கட்டிக்கிட்டுப் போயிருவ. அவன் இங்கதானே இருப்பான்."

"இதை நாலு வாரத்துக்கு முந்தி சொல்லியிருக்கலாம்."

 அப்போதே சொல்லியிருந்தால் நான் செய்திருக்க மாட்டேன் என்று அப்பா பயந்திருப்பார். செய்திருப்பேனா இல்லையா என்பது எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் அவர் எடுத்துக்கொண்டார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மா அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. அவருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

அண்ணன் குழாயடியில் என்னைப் பிடித்தான். "நான் கேக்கல தங்கச்சி. அப்பாதான் சொன்னாரு. நான் இல்லைன்னு சொல்லல, அவ்வளவுதான்," என்றான். அவ்வளவுதான் என்ற வார்த்தை அவனுக்குப் போதுமானதாக இருந்தது. அதன் பிறகு வீட்டில் ஃபிட்டரம்மா என்று அவன் என்னைக் கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் போனது. அண்ணனுக்குச் சோதனைக் காலம் மூன்று மாதம். அது முடிய மூன்று வாரம் இருக்கும்போது காற்றுப் பெட்டியில் விரிசல் விட்டது. பந்தயத்துக்கு முந்தின வாரம். சின்னதுரை அதைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்து, ஏன் விரிசல் விட்டது, சனிக்கிழமைக்குள் சரிசெய் என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் அதைச் சாக்கில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்து என் முன்னால் வைத்தான்.

தாங்கு பட்டையின் அடியில் மயிரிழை மாதிரி ஆரம்பித்து, ஒட்டை விட்டு விலகி, நல்ல தகட்டுக்குள் ஓடியிருந்தது விரிசல். பார்த்த உடனே புரிந்தது. ஒட்டில் குறை இல்லை, யோசனையில் குறை. அது என்னுடைய தவறு. தொழிற்சாலையில் இயந்திரங்கள் சிமெண்டுத் தரையில் இறுக்கப்பட்டவை, அசையாது. அதனால் குழாயைச் சுவரோடு கட்டலாம். கார் எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்து ஆடுவது. நான் பெட்டியை ஒரு பக்கம் ஆடுவதோடும் மறுபக்கம் ஆடாததோடும் கட்டிவிட்டேன். ரப்பர் மேல் ஏறாத இயந்திரங்களையே பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள் செய்யக்கூடிய தவறு.

"சரிபண்ணிக் கொடுத்துரு. நான் எடுத்துட்டுப் போறேன்," என்றான் அண்ணன்.

"நான் பட்டறையில வந்து செய்றேன். பகல்ல. துரை இருக்கும்போது."

அப்பா கூடாது என்றார். ஊர் சிரிக்கும், அவன் வேலை போகும், கலியாணம் நிற்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.  சாக்கை மடித்து அண்ணன் பக்கமே தள்ளிவைத்தேன். வெள்ளிக்கிழமை வரை அது அங்கேயே கிடந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் தண்டு மேசைக்கு வந்து, கங்காணியிடம் ஏதோ சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

முப்பது அடி நடந்தேன். பட்டறையில் சின்னதுரை ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். அப்பா இடுக்கிமேசைப் பக்கம் திரும்பி அரத்தால் எதையோ ராவிக்கொண்டிருந்தார். சாக்கைப் பிரித்துக் காற்றுப் பெட்டியை மேசைமேல் வைத்திருந்தார்கள். தாங்கு பட்டையை அறுத்து எடுத்தேன். விரிசலின் நுனியில் சின்னத் துளை போட்டேன், அதற்கு மேல் ஓடாமல் இருக்க. சோப்பைத் தேய்த்தேன். தீயை வைத்தேன். ஒட்டி முடித்து வெந்நீரில் கழுவும் வரை துரை அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். முன்குழாயைக் காரின் உடம்போடு நேராக இறுக்காமல், இடையில் ஒரு சாண் ரப்பர் குழாய் வைத்து கிளிப் போடும்போதுதான் பக்கத்தில் வந்தார்.

"இப்ப ஆடினாலும் உடையாதா?"

"உடையாது துரை. முன்னாடி நான் தப்பாக் கட்டிட்டேன்."

'நான்' என்று சொன்னதை அவர் கவனித்தார். ஆனால் ஆச்சரியப்படவில்லை.

"முதல் நாளே தெரியும்லா," என்றார். "இந்த மூலை ஏன் சாய்வா இருக்குன்னு உன் அண்ணனைக் கேட்டேன். அழகுக்குன்னு சொன்னான்."

ராவும் சத்தம் நின்றது.

"அப்புறம் ஏன் துரை அண்ணனுக்குக் கொடுத்தீங்க?"

"உன் அப்பா அன்னைக்கே சாயங்காலம் வந்தாரு. செஞ்சது மகதான், ஆனா வேலையை மகனுக்குக் குடுங்கன்னு கேட்டாரு. உனக்கும் அதுதான் இஷ்டம், நீயே சொல்லி அனுப்பினதாச் சொன்னாரு."

அப்பா திரும்பவில்லை. அவருடைய முதுகை மட்டும் பார்த்தேன். என் வேலையைக் கொடுத்தது ஒன்று. அதற்கு என் சம்மதத்தையும் தானே தயார்செய்து கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அந்தப் பொய்யை துரை நம்பியது துரைக்கும் வசதியாக இருந்திருக்கிறது. பட்டறையில் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு பெரிய துரையிடம் விளக்கம் சொல்லும் தொல்லை அவருக்கு இல்லாமல் போயிற்று.

நான் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணன் கதவருகில் நின்றிருந்தான், கையில் என்னுடைய பழைய தாளோடு. எந்த போல்ட் முதலில் என்று எழுதிக் கொடுத்தேனே, அதை இன்னும் வைத்திருந்தான். மடிப்புகளில் கிழிந்து, எண்ணெய் படிந்திருந்தது. நான் கிளிப்பைக் கடைசிச் சுற்று இறுக்கினேன். பிறகு சொன்னேன்.

"துரை, எனக்கு ஒரு காகிதம் வேணும். இந்தப் பெட்டியை அளவெடுத்து, வெட்டி, ஒட்டினது நான்தான்னு. அது போதும்."

அவர் தோட்டத்து முத்திரை போட்ட தாளில் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான்கு வரி. அதைச் சான்றிதழ் உறைக்குள் வைத்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் திரும்ப வைக்கவில்லை.

அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் ஈப்போவில் ஒரு சீனர் பட்டறையில் சேர்ந்தேன். உணவுக் கடைகளுக்கு அலுமினியப் பாத்திரங்களும், லோரிகளுக்கு எண்ணெய்த் தொட்டிகளும் செய்யும் இடம். முதலாளி காகிதத்தைப் படித்துவிட்டு ஒரு துண்டுத் தகட்டைக் கொடுத்து ஒட்டிக் காட்டச் சொன்னார். காட்டினேன். திங்கட்கிழமை வா என்றார்.

கிளம்பின அன்று அப்பா என் தகரப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ரிங்லெட் பஸ் நிறுத்தம் வரை வந்தார். மாதக்கணக்கில் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவர் தோளில் அந்தப் பெட்டியைப் பார்த்ததும், இதுவாவது வந்ததே என்று நினைத்தேன். மன்னிப்பு என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை, சுமையைத் தூக்குவார்கள். அதை எடுத்துக்கொள்ள நான் தயாராகத்தான் இருந்தேன்.

பஸ் வளைவில் தெரிந்ததும் அவர் பெட்டியை இறக்கி வைத்தார்.

"அந்த அட்டையெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கா பாப்பா?"

"எந்த அட்டை?"

"காடி பெட்டிக்கு வெட்டினியே, ஏழு அட்டை. துரையோட கூட்டாளி ஒருத்தருக்கு அதே மாதிரி வேணுமாம். அண்ணன்கிட்ட குடுத்துட்டுப் போனா..."

  பெட்டியின் பூட்டுமேல் அவர் கை இருந்தது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்ததற்கு வேறு காரணமே இல்லை என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் இதுவும் ஒரு காரணம்.

"இல்லப்பா," என்றேன். "அது என்னோடது."

அவர் தலையாட்டினார்.  பிறகு பெட்டியை எடுத்து பஸ்ஸுக்குள் ஏற்றி, என் காலடியில் சரியாக நிறுத்திவிட்டு இறங்கினார். வெளியிலிருந்து கண்ணாடியைத் தட்டி, மலை இறங்குகிற வரைக்கும் குளிரும், ஏற்றி விட்டுக்கொள் என்று சைகை காட்டினார். ஏற்றி விட்டுக்கொண்டேன்.